மாணவர் நோக்கில் அறிவியலும் கணிதமும் உற்பாலனமும்

கல்வி வரலாறு எழுதப் புகுவோர்க்குச் சான்றுகளுக்குக் குறைவில்லை. கட்டளைச் சட்டங்கள் உள. ஆணைக்குழுக்களின் அறிக்கைகள் உள. கல்லூரி நிறுவியோரின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் உள. ஆயின் இவை யாவும் கற்பித்தோர் கூற்றும் ஆண்டோர் கூற்றுமேயன்றிக் கற்றோர் கூற்றல்ல. வாங்கில் அமர்ந்து கேட்டிருந்த மாணவன் தனக்கு ஊட்டப்பெற்ற பாடங்களைப் பற்றி யாது கருதினான் என்பதனை எழுதி வைத்தவர் அரியர். தேர்விலே வினாக்களுக்கு விடை எழுதுமாறு அவனைக் கேட்டனர். அவ்வினாக்கள் தக்கனவோ என்று அவனைக் கேட்டாரில்லை.

எனினும் மாணவர் கருத்து முற்றாக மறைந்தொழிந்தது எனக் கொள்ளல் தவறாகும். எழுத்தில் அகப்படாதது செயலில் அகப்படும். எப்பாடத்தை அவர் விரும்பி எடுத்தனர், எதனைக் கைவிட்டனர், கற்றதனைக் கொண்டு பின்னாளில் என்ன செய்தனர், எந்தத் திட்டத்துக்கு அவர்தம் பெற்றோர் பிள்ளைகளை அனுப்ப மறுத்தனர் என்பனவற்றைத் தொகுத்து நோக்கின் ஒருவாறு அக்கருத்து வெளிப்படும். அறிவியல், கணிதம், சுகாதாரம் ஆகிய மூன்று பாடங்களையும் பற்றி ஈழநாட்டுத் தமிழ் மாணவர் கொண்ட எண்ணத்தை இவ்வழியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

மேனாட்டு முறையில் அமைந்த அறிவியற் கல்வி தமிழ் மாணவரிடத்து ஒழுங்காக வந்து சேர்ந்த இடங்களுள் முதன்மையானது 1823 ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரி. கணிதம், வானியல், இயற்கைத் தத்துவம் ஆகியவை அங்கே பாடங்களாயிருந்தன. அதன் தலைவராய் விளங்கிய தானியேல் பூவர் வானியலைக் கற்பித்ததில் உள்நோக்கம் ஒன்று இருந்தது. பஞ்சாங்கக் கணிதம் பிழையெனக் காட்டின் அதனோடு ஒட்டிய சமய நம்பிக்கையும் தளரும் என்பது அவர் எண்ணம். 1829 ஆம் ஆண்டு மார்ச்சு 20 ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை அவர் இதற்குக் கருவியாக்கினார். உள்ளூர்ப் பஞ்சாங்கம் கூறிய நேரமும் அளவும் ஒரு பக்கம். பூவர் கணித்தவை மறுபக்கம். அன்றிரவு பூவரின் கணக்கே பொருந்தியது என மிஷன் ஏடுகள் கூறும். கூறுவன மிஷன் ஏடுகளே என்பதனை வரலாற்று மாணவர் மறத்தலாகாது. அன்றிரவு அண்ணாந்து நின்ற மாணவர் வீட்டுக்குச் சென்று தந்தையிடம் என்ன சொன்னார் என்பது அவ்வேடுகளில் இல்லை.

ஆயினும் அம்மாணவர் சிலரின் பிற்கால வாழ்வு விடை தருகின்றது. செமினரியிற் கற்றவரான கறோல் விசுவநாதபிள்ளை 1855 இல் 'வீசகணிதம்' என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். அட்சரங்களைக் கொண்டு கணக்கிடும் அப்புதுக் கணிதம் ஆங்கிலத்திலேயே தங்கிவிடத் தகாதது என்று கருதியவரே இவ்வாறு உழைத்திருத்தல் கூடும். அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். தாமோதரம்பிள்ளையோ பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். ஏட்டுச் சுவடிகளைத் தேடியெடுத்து ஒன்றோடொன்று ஒப்புநோக்கிப் பாடம் தெரிந்த அவரது முறையிலே, ஐயுற்று ஆராயும் அறிவியற் பயிற்சியின் சாயல் உண்டென்பது என் துணிபு. பூவர் கருதியதுபோல வானியலும் கணிதமும் அவரைத் தம் மரபினின்றும் பெயர்த்துவிடவில்லை. மரபைக் காக்கும் கருவியாகவே அவரிடத்து அமைந்தன. அறிவியலைப் பற்றிய மாணவர் கருத்து ஆசிரியர் கருத்தினின்றும் எவ்வளவு வேறுபடக்கூடும் என்பதற்கு இதனிற் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

செமினரி 1855 இல் மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வியை மாணவர் அரசாங்க உத்தியோகத்துக்கு ஏணியாகக் கொண்டனரேயன்றிச் சமயப் பணிக்கு ஆயத்தமாகக் கொள்ளவில்லை என்பது அமெரிக்காவினின்று வந்த தூதுக்குழுவினர் கண்ட முடிபு. ஒருவகையில் நோக்கின் மாணவர் கருத்தே அக்கழகத்தை மூடுவித்தது எனலாம்.

இதே தடையை எதிர்கொண்டவர் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847 இல் இலங்கை வந்த அவர் முதலில் ஆங்கிலத்திலேயே மாணவரைப் பயிற்றினார். பயின்றோர் உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போயினர். ஊரிலே நோயாளர் இருந்தவாறே இருந்தனர். இதனைக் கண்ட கிறீன் தாமே தமிழைக் கற்று, 1860களில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்', 'மனுஷ சுகரணம்' முதலாய நூல்கள் அவ்வாறு எழுந்தன. உடலமைப்பு அங்காதிபாதம் எனவும், உடற்றொழில் சுகரணம் எனவும், நோய் வாராது காத்தல் உற்பாலனம் எனவும் பெயர் பெற்றன. இக்காலத்திற் சுகாதாரம் என்று நாம் வழங்குவதற்கு நூற்றைம்பது ஆண்டுகளின் முன் இத்துணை அழகிய சொல் ஒன்று இருந்தது என்பதனைப் பலர் அறியார். இக்கட்டுரையின் தலைப்பில் அதனை வைத்தமைக்குக் காரணமும் அதுவே. கிறீனிடம் தமிழிற் பயின்றோர் ஊர்களிலே தங்கி மருத்துவம் செய்தனர். பாடம் எம்மொழியிற் புகட்டப்படுகின்றதோ அம்மொழி மாணவனின் கால்களையும் திசை திருப்புகின்றது என்பது அவர் கண்ட உண்மை.

இனி மட்டக்களப்பை நோக்குவோம். 1814 இல் வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்த பாதிரியார் இங்கே பாடசாலை தொடங்கினார். பின்னர் யேசு சபையினரின் கரத்தில் புனித மிக்கேல் கல்லூரி வளர்ந்தது. ஆயினும் அவையிரண்டும் பட்டணத்துக்கு உரியன. வாவிக்கு மேற்கே ஞாயிறு படும் பக்கமாகிய படுவான்கரையில், பழுகாமம் போன்ற ஊர்களில், பிள்ளைகள் ஏடும் எண்ணும் கற்றதெல்லாம் திண்ணையிலும் கோயில் முன்றிலிலுந்தான். கணிதம் அவர்க்கு அன்னியமானதன்று. களவெட்டியிற் பொலி தூற்றிய பின்னர் மரைக்காலால் அளந்து அவணக் கணக்கிற் போடியார்க்கு உரியதையும் முல்லைக்காரனுக்கு உரியதையும் பிரித்தறியாதவன் உழவனாக இருத்தல் இயலாது. பாடசாலைக் கணிதம் அவர்க்குப் புறம்பாய்த் தோன்றியதற்குக் காரணம் அதன் கடுமை அன்று; அதிலே பவுண், சிலிங், பென்சு என்று வந்த கணக்குகளில் களவெட்டியைக் காணாமையே என்பது யான் முதியோர் வாயிலாகக் கேட்டறிந்தது.

மட்டக்களப்பு நாட்டு மாணவர் ஒருவர் அறிவியலையும் கணிதத்தையும் பற்றிக் கொண்ட கருத்தை ஐயமின்றி அறியவேண்டின் சுவாமி விபுலாநந்தரின் வாழ்வையே ஆராய்தல் வேண்டும். 1892 இல் காரைதீவிற் பிறந்த அவர் மயில்வாகனன் என்னும் பிள்ளைத் திருநாமத்தோடு கல்முனையிலும் பின்னர் மிக்கேல் கல்லூரியிலும் பயின்றார். கல்லூரித் தலைவரும் கணித வல்லுநருமான பொனெல் பாதிரியாரிடம் கணிதம் கற்றமை அவர்க்கு வாய்த்த பேறு. 1916 இல் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்விலும் சித்தியெய்தினார். இவ்விரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தமையை வாழ்க்கை வரலாறு எழுதுவோர் ஒரு வியப்பாகக் கூறி அப்பாற் செல்வர். அவர் மனத்திலே விஞ்ஞானமும் தமிழும் இரு வேறு அறைகளில் இருந்தன அல்ல என்பதனை அந்நிகழ்ச்சி காட்டுகின்றது. யாழ்ப்பாணத்துப் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராய் அமர்ந்திருந்து, இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை வெளிவாரியாகப் பெற்றார். அக்காலத்தில் இலங்கையிற் பல்கலைக்கழகம் இல்லை. பகலிற் கற்பித்து இரவிற் கற்றுப் பட்டம் பெற்றோர் பலருக்கு இன்றும் அவ்வரலாறு ஆறுதல் அளிப்பதாகும்.

துறவு பூண்ட பின்னரும் விஞ்ஞானம் அவரை விட்டு அகலவில்லை. 1930களில் சென்னையில் அறிவியற் கலைச்சொற்களை ஆக்கும் பணி நடைபெற்றபோது அதற்குத் தலைமை தாங்கினார். அச்சொற்றொகுதி 1938 இல் நூலாயிற்று. 1947 இல் வெளிவந்த 'யாழ் நூல்' இசைத்தமிழ் நூலாயினும் கணிதமும் பெளதிகமும் அறியாதார் எழுதியிருக்க இயலாத நூல். நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள விகிதத்தைக் கணித்தே மறைந்துபோன யாழ்களின் இசைநிரல்களை அவர் மீட்டுரைத்தார். ஒலியியலைப் பரீட்சைக்காகக் கற்று அதனோடு மறந்து விடுவோர் எத்துணைப் பேர்! கற்ற ஒலியியலைக் கொண்டு சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்கு உரைகாண முற்பட்டவர் ஒருவரே. பாடத்தைப் பற்றிய மாணவரது கருத்து என்பது தேர்வு முடிந்த அன்று கூறப்படுவதன்று. முப்பது ஆண்டு கழிந்தும் கூறப்படலாம்.

கல்லடி உப்போடையில் அவர் 1929 இல் தொடக்கிய சிவானந்த வித்தியாலயம் மட்டக்களப்புச் சைவப் பிள்ளைகளுக்கு உயர்கல்விக்கு வாயிலாயிற்று. வாவியின் மேல்கரைப் பிள்ளைகளும் தோணியேறிச் சென்று பயிலத்தக்க இடம் ஒன்று அவ்வாறு உண்டாயிற்று.

ஏறக்குறைய இதே காலத்திற் கல்விப் பகுதியார் வேறொரு திட்டத்தைச் சோதித்தனர். 1930களின் தொடக்கத்தில் ஹந்தெஸ்ஸவில் ஆரம்பித்த கிராமியக் கல்வித் திட்டம், கிராமத்துப் பிள்ளைக்குக் கமத்தொழிலும் சுகாதாரமும் கைப்பணியும் சூழலொட்டிய அறிவியலும் புகட்டுதல் வேண்டும் என்னும் நல்லெண்ணத்தின்பாற் பட்டது. ஏட்டளவில் நோக்கின் அதிற் குறைகாண்பது அரிது. எனினும் அது நிலைக்கவில்லை. பட்டணத்துப் பிள்ளை ஆங்கிலம் கற்று உத்தியோகம் பெற, தம் பிள்ளை மண்வெட்டியோடு நிற்பதற்கோ பாடசாலை என்று கிராமத்தார் வினவினர். 1972 இல் நாடு முழுவதிலும் புகுத்தப்பெற்ற முன்தொழிற் பாடங்களும் இதே காரணத்தாலே மதிப்பிழந்தன. அறிஞர் சிலர் இதனை மக்களின் அறியாமை என்பர். யான் அவ்வாறு கருதேன். இருவகைக் கல்வி இருக்குமிடத்து எக்கல்வி எவரை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதனை மாணவரும் பெற்றோரும் ஆணைக்குழுவினரிலும் தெளிவாக அறிந்திருந்தனர்.

1945 இல் வந்த இலவசக் கல்வியும் கன்னங்கராவின் மத்திய கல்லூரிகளும் இந்நிலையை ஓரளவு மாற்றின. வந்தாறுமூலையில் எழுந்த மத்திய கல்லூரி மட்டக்களப்புக் கிராமத்துப் பிள்ளைகளை விஞ்ஞானத்தின்பால் ஈர்த்தது. பிற்காலத்தில் 1981 இல் அவ்வூரிலேயே பல்கலைக்கழகக் கல்லூரியும் தோன்றிற்று. பின்னர் சுயமொழியிற் கற்பித்தல் இடைநிலை வகுப்புகளுக்கும் பரவ, அரசகரும மொழித் திணைக்களத்தார் பாடந்தோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டனர். பெளதிகவியல், இரசாயனவியல், ஒட்சிசன், ஐதரசன் என்று நம் மாணவர் வழங்குவன இவ்வழி வந்தவை. தமிழ்நாட்டு மாணவர் இயற்பியல் என்றும் வேதியியல் என்றும் கூறுவதை முதன்முறை கேட்கும் நம் மாணவர், தாம் வேறு விஞ்ஞானம் படிப்பதாகவே எண்ணித் திகைத்தல் உண்டு. ஆயினும் மொழி மாற்றம் பாதி வழியிலேயே நின்றது. பள்ளியில் முழுவதும் தமிழில் விஞ்ஞானம் கற்ற மாணவன் மருத்துவ பீடத்திலும் பொறியியற் பீடத்திலும் ஆங்கிலத்திற்கு மாறவேண்டியவனாகவே இன்றும் உளன். கிறீன் கண்ட உண்மையை இங்கு மீண்டும் நினைத்தல் தகும்.

1972 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வேறொரு வகையிற் பெரியது. அதற்கு முன்னர் கிராமத்துப் பாடசாலைகள் பலவற்றிலே மாணவர் விஞ்ஞானம் என்னும் பெயரையே கேளாது பத்தாம் வகுப்புக் கடந்தனர். கணிதமும் ஒன்றிணைந்த விஞ்ஞானமும் எல்லார்க்கும் கட்டாயம் என அச்சீர்திருத்தம் விதித்தது. பெண்பிள்ளைகளுக்கு மனையியலே போதும் என்ற வழக்கு அன்று தளர்ந்தது. 1978 இல் பழைய சாதாரணதரத் தேர்வு மீண்டும் வந்தபோதும் கணிதமும் விஞ்ஞானமும் கட்டாயப் பாடங்களாகவே நிலைத்தன. கட்டாயமாக்குதல் எளிது, கட்டாயமானதைக் கற்பிக்க ஆசிரியரை வாவி கடத்தல் எளிதன்று. 1978 நவம்பர் 23 ஆம் நாள் சூறாவளி மட்டக்களப்பின் பாடசாலைகள் பலவற்றின் கூரைகளைக் கொண்டு சென்றது. அடுத்து வந்த போர் 2007 வரை படுவான்கரையைத் தனித்து வைத்தது. ஆய்வுகூடம் என்பது அங்குப் பாடநூலின் படமாகவே பல்லாண்டு இருந்தது.

அறிவியற் கல்வியைப் பற்றி இந்நாட்டுத் தமிழ் மாணவர் உரத்துக் கூறிய கருத்து ஒன்று உண்டென்றால் அது தரப்படுத்தலுக்கு எதிராக எழுந்த குரலே. 1970 இல் தமிழ் மாணவர் பேரவை தோன்றியதும், 1970களில் யாழ்ப்பாணத்து இளைஞர் கொதித்தெழுந்ததும், மருத்துவம் பொறியியல் ஆகிய பீடங்களின் வாயில் தமக்குக் குறுகியது என்பதனாலேயாம். அதன் பின்விளைவுகள் யாவரும் அறிந்தன. ஆனால் இவ்விடத்தே மட்டக்களப்பு மாணவரின் நிலையை வேறாகக் கூறாது விடுதல் வரலாற்றுக்கு நேர்மையன்று. 1974 இல் மாவட்டப் பங்கீடு வந்தபின் மட்டக்களப்பு, மன்னார், வவுனியா முதலிய இடங்களுக்கும் இடங்கள் ஒதுக்கப்பெற்றன. ஒரே விதி யாழ்ப்பாணத்து மாணவனுக்கு அநீதியாகவும், கிழக்கின் மாணவனுக்குக் கதவாகவும் தோன்றியது. தமிழ் மாணவர் கருத்து என்று ஒருமையிற் கூறுவது இங்குப் பொருந்தாது. அன்றியும் அக்கதவு வழியே முதலிற் புகுந்தோர் ஆய்வுகூடமும் விஞ்ஞான ஆசிரியரும் வாய்க்கப்பெற்ற பட்டணத்துப் பிள்ளைகளே. பாடசாலையிலே உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லாத ஊரவனுக்கு எப்பங்கீடும் பயன் தராதன்றோ.

இனிச் சுகாதாரத்துக்கு வருவோம். ஆங்கிலேயத் தத்துவஞானி ஹேபட் ஸ்பென்ஸர் 1859 இல் எவ்வறிவு மிகப் பயனுடைத்து என்று வினவி, தன்னுயிர் காக்கும் அறிவையே முதலில் வைத்தார். நம் பாடசாலைகளில் அது கடையில் உள்ளது. இலங்கையில் 1916 முதல் நடைபெற்ற கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கமும், 1926 இல் களுத்துறையிற் றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையோடு தொடங்கிய சுகாதாரப் பிரிவும், 1934-35 மலேரியாக் கொள்ளைநோயும் சுகாதார அறிவின் இன்றியமையாமையை நாட்டுக்கு உணர்த்தின. எனினும் பாடசாலையில் அது புள்ளி பெறுதற்கு எளிதான பாடம் என்னும் பெயரைத்தான் பெற்றது. ஆறாம் ஆண்டு முதல் ஒன்பதாம் ஆண்டுவரை எல்லாரும் கற்கின்றனர். சாதாரணதரத்தில் விருப்பப் பாடங்களுள் ஒன்றாக எடுக்கின்றனர். நிறையுணவின் கூறுகளை மாணவர் பிழையின்றி ஒப்பிப்பர். ஆயின் தம் உடலில் நிகழும் மாற்றங்களைப் பற்றிய பகுதி வருங்கால், வீட்டிற் சென்று வாசித்துக்கொள்க என்று கூறிப் பக்கத்தைப் புரட்டும் ஆசிரியர் எங்கும் உளர். மாணவர் உண்மையிலே கேட்க விரும்புவது அப்பக்கமே. கிறீன் தம் மாணவர்க்கு அங்காதிபாதத்தைத் தமிழிற் கூறக் கூசினாரில்லை, நாம் கூசுகின்றோம்.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நோர்வே நாட்டுப் பேராசிரியர் ஸ்வைன் ஷோபெர்க் என்பார் தலைமையிற் பல நாடுகளில் ஏறக்குறைய பதினைந்து வயது மாணவரிடம் விஞ்ஞானப் பாடம் பற்றிய கருத்துக் கேட்கப்பட்டது. மாணவரையே கேட்டமையால் அவ்வாராய்ச்சி இங்குக் குறிப்பிடத் தக்கது. ஏனைய பாடங்களிலும் விஞ்ஞானமே விருப்பமானது என்று உகண்டா, வங்காளதேசம் போன்ற நாடுகளின் மாணவர் மிகுதியாகக் கூறினர். நோர்வே, யப்பான் முதலிய செல்வ நாடுகளின் மாணவர் அவ்வாறு கூறவில்லை. விஞ்ஞானத்தின் பயன் அனைத்தையும் பெற்றோர் அதன்பால் விருப்பங் குன்றியும், பெறாதோர் விருப்பம் மிக்கும் உளர்.

படுவான்கரைப் பிள்ளைகள் கலைப்பிரிவையே பெரிதும் எடுக்கின்றமையைக் கொண்டு அவர்க்கு விஞ்ஞானத்தில் நாட்டமில்லை என்று பட்டணத்தார் முடிவு செய்வதுண்டு. மேற்கூறிய ஆராய்ச்சி அம்முடிவுக்கு அரண் செய்யவில்லை. யான் கற்பிப்பது வரலாறு. ஆதலின் பாடங்களைப் பற்றி என்னிடம் கூறுவதற்கு மாணவர்க்கு அச்சமில்லை. பத்தாம் பதினோராம் ஆண்டு மாணவரிடம் இப்பொருள்பற்றி எழுதித் தருமாறு கேட்டுப் பெற்ற தாள்கள் சில என்னிடம் உள. கணிதம் விளங்காமையினும், விளங்கவில்லை என்று சொல்ல இடமின்மையே பெருந்துன்பம் என்பது அவற்றிற் பலகாலும் வருவது. விஞ்ஞானத்தில் தவளையும் நெற்பயிரும் நீரின் உவர்ப்பும் பற்றிய பாடங்களை அவர் விரும்புகின்றனர். வாவியும் வயலும் கண்முன் இருத்தலின் அஃது இயல்பே. கண்ணாடிக் குடுவையைக் கையாற் தொட்டறியாமல் அதன் படத்தை வரைந்து பெயர் குறித்தலை வெறுக்கின்றனர். கணித ஆசிரியர் ஆண்டின் நடுவே மாற்றலாகிப் போனமையைக் குறித்தோர் சிலர். புதிய ஆசிரியர் வரும்வரை அந்நேரத்தில் தாம் என்ன செய்தோம் என்பதையும் எழுதியுள்ளனர், அதனை ஈண்டு விவரித்தல் வேண்டா.

மாணவி ஒருத்தி எழுதியது வருமாறு பொருள்படும்: உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்கத் தனக்கு விருப்பம், அதற்குப் பட்டிருப்புப் பாலம் கடந்து நாள்தோறும் செல்லவேண்டும், மாலை வகுப்பு முடிந்து திரும்புகையில் இருட்டிவிடும், பஸ் இராது, ஆதலால் தான் இந்து நாகரிகமும் புவியியலும் தமிழும் எடுக்கப்போவதாகத் தீர்மானித்துவிட்டதாகவும், அவற்றிலும் தனக்கு வெறுப்பில்லை என்றும்.